நடுத்தரம்

கொத்தனார் நீல நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "உக்காரு தங்கச்சி."

கருத்துக்கணிப்புக்கு வந்த பெண் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். "ஏழைங்களுக்குத் தர்ற இலவச மருந்தை நிறுத்தலாமா அண்ணே?"

"தாராளமா நிறுத்தட்டும். சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் அவங்களுக்கு உடம்பு வணங்க மாட்டேங்குது."

"நீங்க வசதியா, நடுத்தரமா, ஏழையா?"

"நடுத்தரம். பாத்தாத் தெரியலையா?"

அடுத்த வீட்டுச் சலவைக்காரம்மாவும், அதற்கடுத்த வீட்டு மூட்டை தூக்குபவரும் சொல்லிவைத்தாற்போல அதையேதான் சொன்னார்கள்.

கடைசி வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் அக்கா, "ஒரு நிமிஷம் நில்லும்மா" என்று உள்ளே ஓடினாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

நீல நாற்காலி. கைப்பிடியில் கொத்தனார் வீட்டில் பார்த்த அதே பீடி சுட்ட தழும்பு. நாலு வீட்டுக்கும் சேர்த்து இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான்.

பாயில் கிடந்த அக்காவின் புருஷன் விடாமல் இருமினான். தலைமாட்டில் இலவச மருந்தகத்தின் பச்சை மூடிப் பாட்டில்.

"நிறுத்தட்டும்மா, நமக்கென்ன? நாங்க நடுத்தரம்" என்றாள் அக்கா, பாட்டிலை முந்தானையால் மறைத்தபடி.

கணிப்புக்கு வந்தவள் தலைநிமிராமல் குறித்துக்கொண்டாள்.

"நீ எப்படிம்மா?"

"நானும் நடுத்தரம்தாங்க்கா."

சொல்லிவிட்டுத் தன் கைப்பையை அவசரமாக மூடினாள். அம்மாவுக்காகக் காலையில் வரிசையில் நின்று வாங்கிய மருந்து அதற்குள் இருந்தது. அதுவும் பச்சை மூடிதான்.