கேக்குக்கு ஏற்ற வினைச்சொல்

"சார், 'சம்படி ராப்டு மை கேக்'னு எழுதினா சரியா?"

பிழை திருத்துபவர் தலை நிமிர்ந்தார். பாடப்புத்தகம் அச்சிடும் அந்த அலுவலகத்தில் அவருக்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர். எதிரே வரவேற்பறைப் பெண், கையில் ஒரு தாளோடு நின்றாள்.

"என்னம்மா இது?"

"ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டப் போறேன் சார். சாயங்காலம் எல்லாருக்கும் வெட்டலாம்னு கேக் கொண்டுவந்து வச்சேன். போச்சு. சுத்தம் பண்ற அக்காதான் எடுத்திருப்பாங்கன்னு மேனேஜர் குதிக்கிறாரு. நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடுவார் போல."

"அடப் பாவமே. அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லையே," என்றார் டிக்‌ஷனரி. சொல்லிவிட்டு அவசரமாகத் தாளை வாங்கிக்கொண்டார். தப்பான ஆங்கிலத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"ராப் வராதும்மா. ஆளை ராப் பண்ணலாம், பேங்கை ராப் பண்ணலாம். பொருளைத் திருடினா ஸ்டீல்தான்."

"ஓ! அப்போ அடுத்த வரி? 'ஹி ஸ்வாலோடு இட்.'"

"ஸ்வாலோன்னா தொண்டைக்குள்ள இறக்குறது. மாத்திரையை ஸ்வாலோ பண்ணுவோம். கேக்கை யாராவது மெல்லாம கொள்ளாம அப்படியே முழுங்குவாங்களா?"

"டிவவர்னு போடட்டுமா சார்?"

டிக்‌ஷனரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ. அது கொலைப்பசியில அள்ளி அள்ளித் தின்கிறது. நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி. அவ்வளவு கேவலமாவா எழுதுறது?"

"திருடித் தின்னவனுக்கு என்ன சார் மரியாதை?"

"மரியாதைக்காகச் சொல்லலைம்மா. சொல்லு பொருந்தணும் இல்ல?" பேனாவின் மூடியைக் கழற்றினார். உற்சாகம் தலைக்கேறியிருந்தது. "டேஸ்ட்னா சும்மா நாக்குல வச்சுப் பார்க்கிறது. பைட்னா ஒரு கடி. இதுக்குச் சரியான வார்த்தை நிபில். அணில் கொறிக்கிற மாதிரி, துளித் துளியா. மேல இருக்கிற முந்திரியை மட்டும் ஒவ்வொண்ணா எடுத்து, கேக்குல கைபடாம..."

சட்டென்று நிறுத்தினார்.

வரவேற்பறைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கேக் போச்சுன்னுதானே சார் எல்லார்கிட்டயும் சொன்னேன். முந்திரி மட்டும்தான் போயிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? டப்பாவை நான் யாருக்கும் திறந்தே காட்டலையே."

டிக்‌ஷனரி பேனாவை மூடினார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அசடு வழியச் சிரித்துக்கொண்டே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேனேஜர் ரூம்ல இருக்காராம்மா?"

"இருக்கார், வாங்க." அவளும் சிரித்தபடி எழுந்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம் சார். எம்.ஏ. இங்கிலீஷ்ல தங்க மெடல் வாங்கியும் இது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தப்பை ஒத்துக்கிறதுல 'அட்மிட்'டுக்கும் 'கன்ஃபெஸ்'ஸுக்கும் என்ன வித்தியாசம்?"