பஸ்ஸுக்கு முன்னால்

நட்ட நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, டிரைவர் குணசீலன் கதவைத் திறந்து கீழே குதித்தார்.

ஆத்தூரிலிருந்து ராசிபுரம் போகிற பஸ். உள்ளே காலை மாற்றி வைக்க இடமில்லாத கூட்டம்.

"ஏனுங்க தம்பி, எதுக்கு இப்ப நிறுத்துனீங்க? பத்தரைக்குள்ள நல்ல நேரத்துல நான் போய்ச் சேரணுமுங்க." முன் சீட்டு ஜன்னலிலிருந்து சௌந்திரம் கேட்டாள்.

மடியில் பூக்கூடை. அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தைக்காரி போய்ப் பூ வைத்தால்தான் காரியம் ஆரம்பிக்கும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

குணசீலன் காதில் வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி, குனிந்து ரோட்டை விசிற ஆரம்பித்தார்.

"காலங்காத்தாலயே மப்போ என்னமோ," என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர்.

"கவர்மெண்டு வேலை. கேக்க ஆளில்லைங்க," என்றாள் சௌந்திரம், டிரைவருக்கும் கேட்கிற மாதிரி.

கண்டக்டர் காளிதாஸ் படியில் தொங்கியபடி கெஞ்சினான். "அண்ணா, வண்டிய எடுங்கண்ணா. லேட்டுன்னு போன வாரந்தான் மெமோ வாங்குனீங்க. இன்னொன்னு வந்தா இன்கிரிமெண்ட்டுல கை வெச்சுருவாங்க."

"வாரேன் இரு," என்றாரே தவிர அவர் நிமிரவில்லை.

சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க இறங்கினாள்.

வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரோட்டையே காணோம். விடிகாலை மழை ஈரத்தில், வளைவு வரைக்கும் பட்டாம்பூச்சி. கறுப்பில் வெளிர்நீலப் புள்ளி வைத்த ரெக்கைகள். ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மலைப்பக்கமிருந்து இன்னும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

"மேக்க போற வழியில தண்ணி குடிக்க எறங்கியிருக்குதுங்கக்கா," என்றார் குணசீலன். "இதுங்க மேல எப்படிங்க வண்டிய ஏத்தறது?"

துண்டை வீசினார். ஒரு பாய் அளவுக்கு ரோடு எழுந்து பறந்தது. சௌந்திரத்தின் கை, கழுத்து, கொண்டையில் வைத்த கனகாம்பரம் எல்லாம் ரெக்கை. ஒன்று மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

யாரோ சின்னப் பெண் மாதிரிக் கிளுகிளுவென்று சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தாள். அவளேதான். தனக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"எல்லாரும் எறங்குங்க சாமி. வந்து பாருங்க," என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள்.

பஸ் காலியானது. குணசீலன் டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்ள, பயணிகள் எல்லோரும் முன்னால் நடந்தார்கள். மப்பு என்று சொன்னவர் சட்டையைக் கழற்றி விசிறினார். சௌந்திரம் முந்தானையை வீசிக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். பின்னால் தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்தது பஸ்.

அதற்கும் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"ஹாரன் அடிச்சா ஆச்சுங்களா? எறங்கி வந்து நீங்களும் வெரட்டுங்க," என்றாள் சௌந்திரம். கார்க்காரரும் குடும்பத்தோடு இறங்கி வந்தார்.

வளைவைத் தாண்டி எல்லோரும் ஏறிக்கொண்டபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

"உங்க நல்ல நேரம் போயிருச்சேங்கக்கா," என்றான் காளிதாஸ்.

"போனாப் போகுது. பன்னெண்டு மணிக்கு மேல இன்னொன்னு இருக்குது."

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பேனாவும் கையுமாக நின்றிருந்தார். "என்ன குணசீலன், இவ்வளவு லேட்டு? காரணத்தைச் சொல்லுங்க, எழுதணும்."

குணசீலன் தலை குனிந்தபடி வாயெடுத்தார். அதற்குள் சௌந்திரம் முந்திக்கொண்டாள்.

"டயர் பஞ்சருங்க."

"ஆமாங்க, முன் டயரு," என்றார் சட்டையை மாட்டிக்கொண்டே ஒருவர்.

"பின் டயருங்க," என்றாள் அதே நேரத்தில் இன்னொருத்தி.

டைம் கீப்பர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆயில்பட்டி தாண்டி, அந்த வளைவுலயா?"

இடத்தை யாரும் சொல்லவில்லையே. சௌந்திரம் திகைத்துப்போய், "ஆமாங்க," என்றாள்.

"முன்னாடி வந்த வண்டிக்கும் அங்கதான் பஞ்சராம்," என்று அவர் 'பஞ்சர்' என்றே எழுதிப் பேனாவை மூடினார். பிறகு அவளருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, மத்தியானம் டூட்டி முடிச்சுட்டுப் போனா, அந்தப் பஞ்சரு இன்னும் அங்க இருக்குமுங்களா?"