கணீரென்ற ஐந்தாவது

கல்குவாரி ஞானராசு மாண்டலினைத் திருப்பிப் பிடித்து, பாறையில் விரிசல் தேடுகிறவனைப் போல விரல்முட்டியால் அதன் முதுகில் தட்டினான்.

"தட்டி வாங்க இதென்ன தேங்காயாய்யா?" என்றார் கடைக்காரர் வேணு.

சொந்த மாண்டலின் இருந்தால்தான் வரும் ஞாயிறு கோயில் பாட்டுக்குழுவில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். அவனிடம் இருந்தது இரண்டாயிரம். அந்த விலையில் ஐந்து தொங்கின. நான்கைத் தட்டிவிட்டு, "உள்ளே கீறல் விட்டிருக்கு" என்று ஒதுக்கினான். வார்னிஷ் உரிந்த ஐந்தாவது கணீரென்றது.

"அதுல கம்பி உசரமா நிக்கும். விரலை அறுத்துடும், சொல்லிட்டேன்."

"அறுக்கட்டும். கட்டிக் குடுங்க."

வேணு அதை வாங்கித் தானும் ஒரு தட்டுத் தட்டினார். முகம் மாறியது.

"இது நாலாயிரம்."

"ரெண்டுன்னு ஒட்டியிருக்கே!"

"அது நீ தட்டுறதுக்கு முன்னாடி."

ஞானராசு மாண்டலினின் கழுத்தை எட்டிப் பிடித்தான். வேணுவும் விடவில்லை. கம்பிகளின்மேல் இருவர் விரல்களும் இறுகின. சற்று நேரத்தில் வேணுவின் விரலிலிருந்து மரத்தில் ரத்தம் வழிந்தது. கல்லுடைத்துக் காய்த்த விரல்களில் ஞானராசுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

வேணு பல்லைக் கடித்துக்கொண்டு, "மூவாயிரம்" என்றார்.