மைனாவின் ஒரே இங்கிலீஷ்

பஸ் ஸ்டாண்டுப் புங்கமரத்தில் குடியிருந்த மைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றே ஒன்றுதான்: "ரைட்!" பஸ்ஸைக் கிளப்பக் கண்டக்டர்கள் கத்திக் கத்தி அதன் காதில் ஏறிய வார்த்தை அது. சரி என்பதற்கும் ரைட்தான், சண்டையை முடிப்பதற்கும் ரைட்தான், பொழுது சாய்ந்து கூட்டுக்குக் கிளம்பினாலும் ரைட்தான்.

அன்றைக்கு மரத்தடியில் நின்ற பஸ்ஸின் கூரையில் ஒரு கிளிக்கூண்டைக் கட்டினார்கள். பங்களாவில் வளர்ந்த கிளி. மைனா பேசியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒத்தை வார்த்தையை வச்சா குடித்தனம் நடத்துறே? எனக்கு நூறு வார்த்தை தெரியும்!"

"ரைட்டு, விடு," என்று மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பூனை பஸ் மேல் தாவியது. கூண்டுக் கம்பிக்குள் அதன் நகம் நுழைந்தது. "ஹெல்ப்! ப்ளீஸ்! எக்ஸ்கியூஸ் மீ!" என்று கிளி படித்ததையெல்லாம் கொட்டியது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மைனா மூச்சை இழுத்து, கண்டக்டர் குரலிலேயே கத்தியது: "ரைட்! ரைட்!"

டிரைவர் என்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார்? கியரைப் போட்டார். பஸ் குலுங்கிக் கிளம்பியதில் பூனை வழுக்கி, கீழே வெள்ளரிக்காய்க் கூடையில் தொப்பென்று விழுந்தது. கண்டக்டர் டீ கிளாஸும் கையுமாக ஓடிப்போய்ப் படியில் தொற்றினார்.

மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தது. பஸ் வளைவில் திரும்பும்போது, நூறு வார்த்தை தெரிந்த கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியது:

"ரைட்!"

நன்றி சொல்வதற்கும் அதே வார்த்தைதான் என்பது மைனாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.