கடவாயில் கடித்த கொய்யாக்காய்

"கையை எடுட்டி. வாயைத் திற. டாக்டரு உன் கையவா பாக்க வந்திருக்காவ?"

சங்கரம்மாள் அதட்டினாள். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் கிடந்த மகள் பிரியா, வாயைப் பொத்தின கையை எடுக்கவே இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு அழுத்தம். டாக்டர் ஷமீரா கையில் சின்னக் கண்ணாடியோடு பொறுமையாக நின்றார்.

சங்கரம்மாளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. எப்படி இருக்கும்? ஆவணி முகூர்த்தம் கழுத்தைப் பிடிக்கிறது. தையல் கடையில் பிளவுஸ் துணி குவிந்து கிடக்க, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு திருவேங்கடம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து கரிவலத்துக் கல்யாண வீட்டுக்காரி விடாமல் போன் அடிக்கிறாள்.

"தைச்சாச்சுக்கா. கொக்கி மட்டுந்தான் வைக்கணும்," என்று போனில் சொல்லிவிட்டு வைத்தாள். துணியை இன்னும் வெட்டவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"ஒரு மாசமா இவகூட மல்லுக்கட்டி எனக்குச் சீவன் போயிட்டு டாக்டர். சிரிச்சா வாயைப் பொத்துதா. கொய்யாக்காயை முன்பல்லால கடிக்க மாட்டேங்கா, கடவாய்க்குத் தள்ளித்தான் கடிக்கா. சோறு திங்கும்போது கன்னத்துச் சதையக் கடிச்சிக்கிட்டு ஸ்ஸுங்கா. காலையில எந்திரிச்சா தாடை வலிக்குங்கா. என்னட்டி செய்யுதுன்னு கேட்டா கல்லுளிமங்கன் தோத்தான் போங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். "நீங்க கவனிச்சது நல்லதும்மா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாச் சேராதவங்களுக்கு இதெல்லாம் வரும். பார்த்துட்டுத்தான் சொல்லணும், கம்பி போட வேண்டி வரலாம். அந்த வலி எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"காதுக்குப் பக்கத்துல விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். கொட்டாவி விட்டா தாடையில டொக்குன்னு ஒரு சத்தம் வரும். வெந்நி ஒத்தடம் குடுத்தா அடங்கும், மறுநாளு திரும்ப வந்துரும்."

"இவ்வளவும் பிரியா சொன்னாளா?"

"அவ எங்க வாயைத் திறந்தா? தாடை வலின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பிரியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பி போட்டா கூடப் படிக்கிறவளுவ கேலி பண்ணுவாளுவன்னு பயப்படுதா போல. பண்ணிட்டுப் போறாளுவ. இந்த வயசுல பாத்தாத்தான் உண்டு டாக்டர். நாளைக்குப் பொண்ணு பாக்க வந்தவன் முன்னால இப்படிக் கையை வச்சிக்கிட்டா நிப்பா? வயசு போனப்புறம் யாரு இதையெல்லாம் பாப்பா?"

மகள் காலம் பூராவும் சிரிக்காமல் கிடந்துவிடுவாளோ என்கிற பயம்தான் இந்த நேரத்தில் கடையை மூட வைத்தது. மறுபடியும் போன் அடித்தது. கரிவலத்துக்காரிதான். அதை அமுக்கிப் பைக்குள் போட்டாள்.

டாக்டர் என்னென்னவோ பேசிப் பார்த்த பிறகு, கடைசியில் பிரியா கையை எடுத்தாள். ஷமீரா மேல்வரிசையைப் பார்த்தார், கீழ்வரிசையைப் பார்த்தார். கடிக்கச் சொன்னார், திறக்கச் சொன்னார், காதுக்கு முன்னால் விரலை வைத்து அமுக்கினார். சங்கரம்மாள் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

"பல்லு முத்துக் கோத்த மாதிரி இருக்கும்மா. மேலயும் கீழயும் கச்சிதமாச் சேருது. கன்னத்துல கடிச்ச தடம்கூட இல்ல. தாடையிலயும் கோளாறு ஒண்ணும் தெரியல."

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர். ஒரு மாசமா வலிக்குங்காளே."

"பிரியா, எங்க வலிக்குன்னு தொட்டுக் காட்டு."

அவள் இடது பக்கம் தொட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது பக்கமும் தொட்டாள். டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், சங்கரம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மாசப் பயம், கடையில் கிடக்கிற துணி, போனில் அவிழ்த்த பொய் எல்லாம் சேர்ந்துகொண்டது.

"அப்ப இத்தனை நாளும் நடிச்சியாட்டி? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவா? ஊருப்பட்ட துணியை அப்படியே போட்டுட்டு, வவுத்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உன்னக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ என்னக் கோமாளியாவா ஆக்கிட்ட?"

கையை ஓங்கியவள் சட்டென்று நின்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். கோபத்தில் பேச்சு முட்டிவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் பிரியாவிடம் குனிந்து கேட்டார். "எதுக்கும்மா இப்படிச் செஞ்ச? அம்மா எவ்வளவு பயந்துட்டாங்க பாரு."

"நடிச்சேன்தான் டாக்டர்." பிரியாவுக்கு இப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. "அம்மாவுக்கு என்னெல்லாம் செய்யுதோ, அதைப் பாத்துப் பாத்துத்தான் நடிச்சேன்."

பிரியா நாற்காலியை விட்டு இறங்கி, ஓங்கின அந்தக் கையைப் பிடித்து அம்மாவை இழுத்து அதில் உட்கார வைத்தாள்.

"எனக்குன்னு சொன்னாத்தான டாக்டர் இவுக ஆஸ்பத்திரிக்கு வருவாவ."