வெளிறிய மீன்

புல்லில் கிடந்த மீனைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

அகன்ற வாய். வெளிறிய சாம்பல் பச்சை உடம்பு. விலாவில் ஒரு கோடு இருந்தது; இல்லை என்றும் சொல்லலாம், அவ்வளவு மங்கல்.

பழகிய மீன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கொண்டுவந்து சிங்கில் போட்டது இதைத்தான். எத்தனையைச் செதில் சீவி, மஞ்சள் பூசிப் பொரித்திருப்பாள்.

அவர் இறந்தபிறகு இன்றுதான் வெளியே நடக்க வந்திருந்தாள். அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள இந்தக் குளம் வரைக்கும்.

தூண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தவன் தமிழன். சுதர்சன் என்றான்.

"இது தூர ஏரி மீனெல்லோ தம்பி? இஞ்சையும் இருக்கோ?"

"பாஸ் மீன் எங்கையும் இருக்கும் அக்கா. ஆனா ஏரி மீன் இப்பிடி இராது."

கைபேசியில் ஒரு படம் காட்டினான். கரும்பச்சை மீன். விலா நெடுக மை ஊற்றியதுபோல் கறுப்புப் பட்டை.

"இது வேற சாதியோ?"

"ஒரே சாதிதான். அங்க கண்ணாடி மாதிரித் தண்ணி, அடியில பாசி. பாசியோட பாசியா நிண்டாத்தான் தப்பலாம். அதால கறுக்கும். இது சேத்துத் தண்ணி. கறுத்தென்ன, வெளுத்தென்ன, ஆருக்குத் தெரியப்போகுது? வெளிறிப்போயிடும்."

அவள் படத்தை மறுபடியும் பார்த்தாள்.

அப்படியொரு மீன் அவள் கைக்கு வந்ததே இல்லை.

ஒன்றுகூட.

கனடாவுக்கு வந்த புதிதில் அவர் யாரோடும் ஒட்டவில்லை. நாலு பேரோடு பழகுங்கோ என்று அவள்தான் நச்சரித்தாள். பிறகு ஒருநாள் அவருடைய பேச்சில் லோகன் வந்தான். பின்னால் யோகராசா. அவர்களோடு வான் வண்டியில் வடக்கே பெரிய ஏரிக்குப் போவதாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டில் லோகனின் பகிடிகளைச் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

சனிக்கிழமைகள் எவ்வளவு நீளம் என்று அவள் அவரிடம் சொன்னதில்லை. அந்த மனுசனுக்கு இப்போதுதான் கூட்டாளிகள் கிடைத்திருக்கிறார்கள்.

செத்தவீட்டுக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. மீன் பிடிக்க மட்டும்தான் சிநேகிதம் போல என்று தங்கையிடம் போனில் திட்டித் தீர்த்தாள்.

"சனிக்கிழமையில இஞ்ச ஆரும் வாறவையோ தம்பி?"

"முந்தி ஒரு ஐயா வருவார். அந்தா, அந்த மரத்தடியில. காலமை வந்தா பொழுதுபடத்தான் போவார். தனியத்தான். ஆரோடையும் கதைக்கிறேல்லை. இப்ப கொஞ்சக் காலமாக் காணேல்லை."

அவள் தலையாட்டினாள்.

மரத்தடியில் ஓரிடத்தில் மட்டும் புல் தேய்ந்து மண் தெரிந்தது. அதில் மெல்ல உட்கார்ந்தாள். குளம் அசையாமல் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கரையில், மரங்களுக்கு மேலே, அவர்களுடைய கட்டடம். ஏழாம் மாடியில் அவர்கள் வீட்டுப் பால்கனி. கொடியில் அவள் காலையில் போட்ட துவாயின் நிறம்கூடத் தெரிந்தது.

அவர் வரும்வரை கதிரையை அங்கேதான் இழுத்துப்போட்டுக்கொண்டு இருப்பாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும்.