பௌர்ணமியன்று கடைசி வகுப்பு

"அந்தம்மா இன்டர்னல் மார்க்கை அள்ளிப் போடுது. இல்லாட்டி இப்படி ஒரு கூட்டம் சேராது" என்றார் பேராசிரியர் அருணகிரி.

ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த முருகவேல் சிரித்தார். "பொறாமையா சார்?"

"எனக்கென்ன பொறாமை? பௌர்ணமி அன்னிக்கு இந்த ஊர்ல மத்தியானத்துக்கு மேல எந்தக் காலேஜ்ல பசங்க இருக்காங்க? பாதி பேர் பஸ் கிடைக்காதுன்னு ஓடிடறான். மீதி பேர் கிரிவலப் பாதையில கடை போட ஓடிடறான். இன்னிக்கு என் க்ளாஸ்ல மூணே பேர். அதுல ஒருத்தன் தூங்கறான். ஆனா பாருங்க, அதே பசங்க கடைசி ஹவர் அன்புச்செல்வி க்ளாஸுக்கு மட்டும் ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்து உக்காந்துடறாங்க. போன பௌர்ணமிக்கும் இதே கதைதான்."

அருணகிரி பொருளாதாரத் துறைத் தலைவர். நிரந்தர வேலை. அன்புச்செல்வி அதே துறையில் கெஸ்ட் லெக்சரர். எடுக்கிற வகுப்புக்குத்தான் காசு. லீவு போட்டால் கிடையாது, மே மாதம் கிடையாது. பி.எஃப். என்பதை அவர் பாடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"நல்லா நடத்தறாங்களோ என்னவோ" என்றார் முருகவேல்.

"அதையும் பாத்துடறேன். மார்க் விவகாரம்னு தெரிஞ்சா நாளைக்கே பிரின்சிபால்கிட்ட சொல்லிடுவேன். அடுத்த செமஸ்டருக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்."

சொன்னபடியே கடைசி ஹவருக்கு மணி அடித்ததும், பின்கதவு வழியாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு நிறைந்திருந்தது. இரண்டு பையன்களின் நெற்றியில் வியர்வைகூடக் காயவில்லை.

அன்புச்செல்வி நோட்ஸைப் பிரித்து, தலை நிமிராமல் படிக்க ஆரம்பித்தார். கூலி நிர்ணயக் கோட்பாடுகள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே குரல். முப்பது வருடமாக அதே பாடத்தை நடத்தும் அருணகிரிக்கே கொட்டாவி வந்தது.

ஒருவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையைக் கற்றிருந்தாள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவருக்கு முன் பெஞ்சிலிருந்த தென்றல் குனிந்து போனில் கிசுகிசுத்தாள். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊர்ப் பெண். பௌர்ணமிதோறும் அவர்கள் வீட்டில் பாதையோரம் ஜூஸ் கடை போடுவார்கள்.

"க்ளாஸ் முடியட்டும்மா. நீ எலுமிச்சம்பழத்தை அறுத்து வை. நான் வந்து புழியறேன்."

கடை விற்பனையை விட்டுவிட்டு இந்தத் தாலாட்டைக் கேட்க வருகிறாள் என்றால், மார்க்தான். அருணகிரிக்குச் சந்தேகமே இல்லை.

மணி அடித்தது. அவரைப் பார்த்ததும் அன்புச்செல்வி பதறிப்போய் வந்தார்.

"எப்ப சார் வந்தீங்க? க்ளாஸ் எப்படி இருந்துச்சு? பசங்க இவ்ளோ ஆர்வமா வர்றாங்களேன்னு நானும் இப்பல்லாம் நோட்ஸ் ஜாஸ்தியா எழுதிட்டு வர்றேன் சார்."

"தெரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த தென்றலைப் போய்ப் பிடித்தார்.

"நில்லும்மா. உண்மையச் சொல்லு. மேடம் உனக்கு மார்க் எவ்ளோ போட்டாங்க?"

"இருபத்தஞ்சுக்குப் பதினொண்ணு சார். நீங்களாவது கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார்."

அருணகிரிக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்ப பாடம் நல்லா புரியுதா?"

தென்றல் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்தாள். "சத்தியமா புரியல சார்."

"அப்புறம் ஏம்மா கடையை விட்டுட்டு ஓடி வர்றீங்க?"

அவள் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"போன செமஸ்டர்ல ஒரு பௌர்ணமிக்கு நாங்க நாலு பேர்தான் சார் இருந்தோம். மேடம் அப்பவும் முழு ஹவரும் நின்னு நடத்தினாங்க. அப்புறம் நான் பஸ் பாஸுக்காக ஆபீஸுக்குப் போனேன். அங்க மேடம் நின்னுட்டிருந்தாங்க. பாதிப் பசங்களுக்குக் கம்மியா இருந்தா அந்த ஹவருக்குக் காசு கிடையாதும்மானு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மேடம் சரின்னுட்டு வந்துட்டாங்க சார். எங்களுக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அன்னிலேர்ந்து யார் எங்க இருந்தாலும் மேடம் ஹவருக்கு வந்துடணும்னு பேசி வெச்சிருக்கோம்."

அந்த விதியைக் கொண்டுவந்த கூட்டத்தில், சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தலையாட்டியவர்களில் அருணகிரியும் ஒருவர்.

"மேடத்துகிட்ட சொல்லிடாதீங்க சார். பாடம் பிடிச்சுதான் வர்றோம்னு நெனைச்சிட்டிருக்காங்க."

"சொல்லல. நீ போ, அம்மா காத்திருப்பாங்க."

நாளைக்கு அவர் பிரின்சிபாலைப் பார்க்கத்தான் போகிறார். பேசப்போகும் விஷயம்தான் மாறிவிட்டது. மனசு லேசாக, அவருக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் ஒன்று உறுத்தியது.

"ஏம்மா தென்றல்" என்று படியிலிருந்தே கூப்பிட்டார். "அப்ப என் க்ளாஸுக்கு மட்டும் ஏன் வர்றதில்ல? நான் அவ்ளோ மோசமாவா நடத்தறேன்?"

"ஐயோ, நீங்க சூப்பரா நடத்துவீங்க சார்" என்றாள் தென்றல், ஷேர் ஆட்டோவைப் பார்த்து ஓடிக்கொண்டே. "ஆனா, நாங்க வந்தாலும் வராட்டியும் உங்களுக்குத்தான் மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுதே!"